டியூபில் துப்பியது யார்?

அத்தியாயம் மூன்று

"தம்பியோட எச்சில் வேணும்" என்றார் வேல்ராஜ்.

சரியாகத்தான் கேட்டேனா என்று இன்னொரு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜ். மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே ஆனி மாதத்துச் சாரல். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வந்து, அருவிப் பக்கமே போகாமல், காய்ந்த தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் தலையில் காய்வதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. நல்ல வழுக்கை.

"எச்சில்னா காறித் துப்புறதா, சாதா எச்சிலா?" என்று கேட்டான் துல்கர்னைன்.

துல்கர்னைன் என் கையாள். கடையநல்லூர்க்காரன். சவூதியில் கார் ஓட்டினான். முதலாளி கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷ் வாசிப்பான். எனக்கு அது வராது. நான் நம்பிராஜன். போலீஸில் ஏட்டாக இருந்தவன். இப்போது காணாமல் போன ஆள், காணாமல் போன மாடு, மாப்பிள்ளை விசாரணை என்று எது வந்தாலும் பார்க்கிறேன். எச்சில் இதுவரை வந்ததில்லை.

வேல்ராஜ் யார் என்று தென்காசியில் கேட்டால் சொல்வார்கள். செங்கோட்டை கொல்லம் பாதையில் ரயில் ஓட்டினவர். வெள்ளிக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. ஊர் முழுக்கப் பத்திரிகை போயாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் இருக்கிறது. மாப்பிள்ளை லாட்ஜில் இருக்கிறார்.

செல்போனை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதைத் துல்கர் கையில் கொடுத்தேன்.

"என் மவன் மாரிச்செல்வம் சிங்கப்பூர்ல இருக்கான். எனக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்ச பெறவு அவனுக்கும் பயம் வந்துட்டு. தை மாசம் ரெண்டு பேருக்கும் டியூப் வரவழைச்சான். அதுல துப்பி ஹைதராபாத்துக்கு அனுப்பினா, பரம்பரை, வியாதி, சொந்தபந்தம் எல்லாம் சொல்லிருவானாம் கம்பெனிக்காரன். பங்குனியில ரிசல்ட் வந்துச்சு."

துல்கர் விரலால் தள்ளித் தள்ளி வாசித்தான். அவன் வாய் நின்றது. அது சாதாரணமாக நிற்காது.

"சத்தமா வாசி" என்றேன்.

"அப்பன் மவன்னா பாதிக்குப் பாதி ஒத்துப் போவணுமாம் அண்ணாச்சி. இவரு டியூபுக்கும் மவன் டியூபுக்கும் நாலுல ஒரு பங்குதான் ஒத்துப் போவுது. அதனால அப்பனா இருக்க முடியாதாம். ஆனா நெருங்கின சொந்தமாம். பெத்தவங்க ரெண்டு பேருல ஒருத்தரோட கூடப்பொறந்தவரா இருக்கலாம்ங்கான்."

"கேட்டீரா வே?" என்றார் வேல்ராஜ். "நான் அவனுக்கு அப்பன் இல்ல. பெரியப்பன். அப்ப அப்பன் யாரு? எனக்கு இருக்கறது ஒரே தம்பி. வேல்சாமி."

சத்தம் போடாமல்தான் சொன்னார். மூன்று மாதமாக மனசுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சு தேய்ந்து போயிருந்தது.

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சரியாக இருக்கிற கணக்கை ஸ்டேஷனில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி பொய்யாகத்தான் இருக்கும்.

"மவன் என்ன சொல்லுதான்?"

"கம்பெனிக்காரன் எதையோ மாத்திப்போட்டுட்டான், விடுங்கப்பாங்கான். அம்மா கிட்ட சொல்லிராதீயன்னான்."

"சம்சாரத்துக்கிட்ட கேட்டீரா?"

"என்னன்னு வே கேக்க?"

மேஜை மேல் இருந்த சின்ன அட்டைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். உள்ளே மூடி போட்ட புது டியூப் ஒன்று.

"இன்னொண்ணு வாங்கி வச்சிருக்கேன். வேல்சாமிக்குத் தெரியாம அவன் எச்சில இதுல பிடிச்சுத் தாரும். ரிசல்ட் வாரது வரைக்கும் நான் அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை தாலியும் கட்ட மாட்டேன். யாரு என்ன கேட்டாலும் கேக்கட்டும்."

அந்தம்மாள் முப்பத்திரண்டு வருஷமாக இவரோடு குடும்பம் நடத்துகிறவர். வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, எதற்கு என்றே தெரியாமல் தனியாக மணையில் உட்காரப் போகிறார். இதற்கு நான் எச்சில் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

"முழுசா வாசிச்சுட்டியா?" என்று துல்கரைக் கேட்டேன்.

"இன்னொரு பக்கம் பூட்டிக் கெடக்கு."

"அது வியாதிப் பக்கம்" என்றார் வேல்ராஜ். "தெரிஞ்சுக்கிடச் சம்மதம்னு பட்டனை அமுக்குனாத்தான் தொறக்கும். நான் அமுக்கல்ல."

"ஏன்?"

"நெஞ்சு எப்ப நிக்கும்னு போட்டிருந்தா?"

"நேரம், பிளாட்பாரம் நம்பர் எல்லாம் போட மாட்டான் அண்ணாச்சி. அது உங்க ரயில்வே" என்றான் துல்கர். சொல்லிக்கொண்டே அமுக்கிவிட்டான்.

வேல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"நெஞ்சு சுமாரா இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்லங்கான். பால் ஒத்துக்கிடாது. தலையில முடி கடைசி வரைக்கும் அடர்த்தியா நிக்கும்."

இரண்டு பேரும் வேல்ராஜின் தலையைப் பார்த்தோம். டியூப் லைட் வெளிச்சம் அதில் தெரிந்தது.

"மேல வாசி."

"சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பொறவியிலயே. இதுல 'இருக்கலாம்'னு போடல்ல. இருக்குன்னே போட்டிருக்கான்."

வேல்ராஜ் கண்ணைத் திறந்தார்.

"எனக்கா?"

"உங்க பேருதான் போட்டிருக்கு."

"அப்ப இத்தன வருசமா நான் எதப் பாத்து வண்டிய நிப்பாட்டினேன்?" என்று தன்னையே கேட்டார். "புனலூர்ல ஒரு சிக்னல் எனக்கு எப்பவும் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்..."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனில் எழுதியிருந்தால் மனுஷன் தன் கண்ணையே சந்தேகப்படுகிறார்.

"ஓய், ரயில்வேயில கண்ணு பாக்கலியா?"

"பாத்தாங்களே. புள்ளிப் புத்தகம், கலர் லைட்டு, எல்லாம் வச்சுப் பாத்தாங்க. திரும்பத் திரும்பப் பாத்தாங்க. ஒரு தடவ கூட நான் ஃபெயில் ஆனதில்ல."

"என் தோள்ல கெடக்க துண்டு என்ன கலரு?"

"பச்சை."

"இவன் சட்டை?"

"சிவப்பு. கண்ணு கூசுது."

"அப்ப இதுல எழுதியிருக்கது உம்ம கண்ணு இல்ல. உம்ம கண்ணு இல்லன்னா, உம்ம எச்சிலும் இல்ல. ஹைதராபாத்துக்குப் போனது வேற எவனோ துப்பினது."

துல்கர் போனைப் பார்த்தான், வேல்ராஜின் தலையைப் பார்த்தான். "முடியப் பாத்தப்பவே எனக்கு ஒரு டவுட்டு இருந்துச்சு" என்றான்.

வேல்ராஜ் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"நான் டியூபுல துப்பி மேஜை மேல வச்சுட்டு ஆபீசுக்குப் போயிட்டேன். ஸ்டென்ட் வச்ச பெறவு என்னை வண்டியில ஏத்தல்ல, ஆபீஸ்லதான் உக்கார வச்சிருந்தாங்க. மருந்துத் தண்ணிய ஊத்தி, மூடி, கொரியர்ல போட்டது அவ."

"யாரு?"

"சங்கரேஸ்வரி." திரும்பினார். "மாத்தினதும் அவதான். எதுக்கு வே மாத்துவா? என்ன ரிசல்ட் வரும்னு தெரிஞ்சவதான மாத்துவா? உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்லாதவ என் எச்சிலக் கொட்டிட்டு வேற ஒருத்தன் எச்சில எதுக்கு வைக்கா?"

நான் வரும்போது அவரிடம் வெறும் சந்தேகம் இருந்தது. நான் போய் அதற்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"சாயந்திரம் வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அட்டைப்பெட்டியைத் தொடவில்லை.

ரோட்டோரத்தில் முள்ளு முள்ளான ரம்புட்டான் பழம் குவித்து வைத்திருந்த கடையில் நின்றேன். பழுத்த சிவப்பு கொஞ்சம், பழுக்காத பச்சை கொஞ்சம், இரண்டையும் ஒரே பையில் கலந்து போடச் சொன்னேன். காய் தின்றால் வயிற்றை வலிக்கும் என்றார் கடைக்காரர்.

"திங்கறதுக்கு இல்ல, விசாரணைக்கு" என்றான் துல்கர்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சீசனில் எத்தனையோ பைத்தியத்தைப் பார்த்திருப்பார்.

வண்டியில் ஏறும்போது துல்கர் கேட்டான். "இது எதுக்கு அண்ணாச்சி?"

"எச்சில் குடுன்னு கேட்டா எவனும் தர மாட்டான். பழம் எடுத்துக்கோன்னா கண்ணக் காட்டிருவான். துப்பினவன் ஆம்பள, அவனுக்குச் சிவப்பு பச்சை தெரியாது. மாரிச்செல்வத்துக்கு நெருங்கின சொந்தம். அப்படி எத்தன பேரு இருப்பாங்க?"

தென்காசியில் வேல்ராஜ் வீட்டு வாசலில் ஒரு ஆள் வாழைமரம் நடுவதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பெரிய மீசை. கையில் கடப்பாரை. தம்பி வேல்சாமி. சி.ஆர்.பி.எஃப்.பில் இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர். நான் ஏட்டாக இருந்த நாளில் இருந்தே அந்த வீட்டில் என்னைத் தெரியும்.

"வாங்க அண்ணாச்சி. அண்ணன் எங்க இருக்குன்னு தெரியுமா? குளிக்கப் போறேன்னு போச்சு. நாள் கணக்காக் குளிக்கு. அவ்வளவு அழுக்கா இருந்துச்சு அது மேல?"

"வந்துருவாரு. பழம் சாப்பிடுங்க. நல்லாப் பழுத்ததா நாலு எடுங்க."

பைக்குள் கையை விட்டார். ஒரே பார்வை. நாலும் சிவப்பு. பல்லால் கடித்துத் தோலை உரித்து வாயில் போட்டார்.

"காய எதுக்கு வாங்கினீய? எவனோ உங்கள நல்லா ஏமாத்திருக்கான்."

"இவரு இல்ல" என்று துல்கர் என் காதில் சொன்னான். எனக்கும் தெரிந்தது.

உள்ளே நடு வீட்டில் சங்கரேஸ்வரி அம்மாள் தாம்பாளங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அவுகளப் பாத்தீயளா அண்ணாச்சி? சாப்பிடுதாகளா? ராத்திரி மாத்திரை நான் எடுத்துக் குடுத்தாத்தான் போடுவாக. எம்மேல என்ன கோவம்னு சொன்னாகளா?"

இந்த மூன்று கேள்வியை வைத்தே வழக்கை முடித்திருக்கலாம். ஆனால் வேல்ராஜ் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"தை மாசம் ஹைதராபாத்துக்கு ஒரு டியூப் அனுப்பினீங்களா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அனுப்பினேன். கொரியர் ரசீது வச்சிருக்கேன்."

"ரசீது கேக்கல்லம்மா."

அந்தம்மாள் கண் ஒரு தடவை கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தது. போலீஸில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். வாய் எங்கே நிற்கிறதோ அங்கே கண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நான் கொல்லைப்பக்கம் போனேன்.

அங்கே ஒருவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அம்மாளுடைய அண்ணன் முப்பிடாதி. திருவேங்கடத்தில் மானாவாரி வெள்ளாமை. தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுச் சேலை எடுத்துக்கொண்டு முந்தின நாளே வந்துவிட்டார். தலையில் முடி, முள்ளுக்காடு மாதிரி அடர்த்தியாக இருந்தது. துல்கர் என்னை இடித்தான்.

"பழம் எடுங்க. எனக்கு ரெண்டு, இவனுக்கு ரெண்டு, உங்களுக்கு ரெண்டு. நல்லாப் பழுத்ததா எடுங்க" என்றேன்.

முப்பிடாதி பையைக் கீழே கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் அமுக்கினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் ஆறு எடுத்தார். நாலு பச்சை.

"எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு" என்றார்.

துல்கர் மரியாதைக்காக ஒரு பச்சையை உரித்துக் கடித்தான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவனால் பேச முடியவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

"தை மாசம் டியூபுல துப்பினது நீர்தான?"

முப்பிடாதி கையைத் துண்டில் துடைத்தார்.

"தங்கச்சி சொல்லிட்டாளா?"

"இல்ல. உம்ம எச்சில்தான் சொல்லிச்சு."

மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"அவதான் பஸ் ஏறித் திருவேங்கடத்துக்குக் கொண்டாந்தா. மாப்பிள்ள துப்பினத அடுப்புச் சாம்பல்ல ஊத்தி மண்ணப் போட்டு மூடிட்டா. டியூபக் கழுவி என் கையில தந்து, அண்ணே, நீ துப்பிக் குடுன்னா. துப்பினேன்."

"எதுக்கு?"

"என்ன கேள்வி இது? முடி, நகம், எச்சில், மூணும் எவன் கையிலயும் கெடைக்கக் கூடாதுல்லா? ரெண்டு ஸ்டென்ட் வச்ச மனுசன். இப்பத்தான் பொழச்சு வந்திருக்காரு. அவரு எச்சில மொகம் தெரியாதவனுக்குக் குடுத்துட்டு, அவன் அத வச்சு என்ன செய்வினை வைக்கான்னு பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீரா?"

துல்கருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. "அது பெரிய கம்பெனி மாமா. அவங்களுக்கும் வேல்ராஜ் அண்ணாச்சிக்கும் என்ன பகை?"

"பகை இல்லாமலா எச்சில் கேக்கான்?"

துல்கர் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கும் அந்தக் கம்பெனி மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

"அப்ப உம்ம எச்சில் போனா மட்டும் பரவாயில்லையா?"

"என் பொண்டாட்டி போயி ரொம்ப வருசம் ஆச்சு" என்றார் முப்பிடாதி. "எனக்குச் செய்வினை வச்சா எவ தாலி அறுக்கப் போறா? வைக்கட்டும்."

சொல்லிவிட்டு அடுத்த தேங்காயை எடுத்தார்.

"பேப்பர்ல என்ன வந்திருக்கு அண்ணாச்சி?"

சங்கரேஸ்வரி அம்மாள் அடுக்களை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. துல்கர் தொண்டையைச் செருமி ஏதோ ஆரம்பித்தான். அவனை விட்டால் சுற்றி வளைத்துச் செங்கோட்டை வரைக்கும் போய்த் திரும்புவான். நானே சொல்லிவிட்டேன்.

"மாரிச்செல்வத்துக்கு அப்பன் அவர் இல்லைன்னு வந்திருக்கு."

"வேற யாராம்?"

"வேல்சாமின்னு அவரு கணக்குப் போட்டிருக்காரு."

அந்தம்மாள் அழவில்லை. கத்தவும் இல்லை. குனிந்து தரையில் கிடந்த ரம்புட்டான் தோலையெல்லாம் பொறுக்கினார். ஒன்றையும் விடவில்லை. கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

"அவுகளக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

முப்பிடாதியும் வண்டியில் ஏறிக்கொண்டார். உரித்த தேங்காய் ஒன்று கையிலேயே இருந்தது. கீழே வைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

லாட்ஜ் அறையில் வேல்ராஜ் எல்லாவற்றையும் கேட்டார். சாம்பல், பஸ், செய்வினை எல்லாம். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அண்ணன் தங்கச்சிக்காகப் பொய் சொல்லத்தான் செய்வான். நான் நம்ப மாட்டேன்."

"மாப்ள, வேணும்னா இங்கனயே இன்னொரு தடவ துப்பட்டா?" என்றார் முப்பிடாதி.

"தரையில வேண்டாம்" என்றான் துல்கர். வேல்ராஜின் போனை அவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை, வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்திருந்தான். இப்போது வேல்ராஜுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மதினி உங்களுக்குச் சொந்தமா? அக்கா மவளைக் கட்டினீயளா?"

"இல்ல. அசல். திருவேங்கடத்துல எங்களுக்கு அதுக்கு முன்ன கொள்வினை கொடுப்பினையே கெடையாது."

"சரி. இங்கன தாய்வழின்னு ஒரு பக்கம் இருக்கு. ஆத்தாகிட்ட இருந்து பிள்ளைக்கு அப்படியே மாறாம வாரதாம். அப்பன் பக்கத்துல இருந்து இதுல ஒண்ணும் கலக்காது. மாரிச்செல்வத்துக்கு இது யாருகிட்ட இருந்து வந்திருக்கும்?"

"அவன் அம்மாகிட்ட இருந்து."

"மதினிக்கு?"

"அவ அம்மாகிட்ட இருந்து."

"உங்க பேர்ல இருக்க டியூபுலயும் அதேதான் அண்ணாச்சி. ஒரு எழுத்து மாறல்ல. இது உங்க எச்சில்னு நீங்க சாதிச்சீயன்னா, நீங்களும் மதினியும் ஒரே ஆத்தா வயித்துப் பிள்ளைங்க. முப்பத்திரண்டு வருசமா கூடப்பொறந்த தங்கச்சிகூடக் குடும்பம் நடத்திருக்கீய. வெள்ளிக்கிழமை ஊரக் கூட்டி வச்சு ரெண்டாவது தடவையும் தாலி கட்டப் போறீய."

"சீ, நாயே!" என்று வேல்ராஜ் எழுந்து கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் முப்பிடாதியைப் பார்த்தார். முப்பிடாதி தேங்காயோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அந்த ஒரே ஆத்தா வயித்துப் பிள்ளை அங்கேதான் நின்றது.

வேல்ராஜ் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப நாலுல ஒரு பங்கு..."

"தாய்மாமனுக்கும் மருமவனுக்கும் உள்ளது" என்றேன். "ஆனா ஒண்ணு கேட்டுக்கிடும் ஓய். பொய்யாச் சொல்லிச் சமாதானம் பண்ண எனக்கு வராது. உமக்கும் மாரிச்செல்வத்துக்கும் என்ன உறவுன்னு இந்த போன் சொல்லல்ல. நீர் இதுல இல்லவே இல்ல. உறுதியாத் தெரிஞ்சுக்கிடணும்னா அந்தப் புது டியூப் இங்கனதான் இருக்கு. துப்பும். நானே கொரியர்ல போடுதேன்."

வேல்ராஜ் டியூபை எடுத்தார். மூடியைத் திருகப் போனார். ஐந்தருவிப் பக்கம் இருந்து வேனில் வந்த பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் சத்தம் ஓய்கிற வரைக்கும் அதைக் கையில் வைத்திருந்தார். அப்புறம் மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.

பித்தான் போடும்போது கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"ஏன் வே சொன்னீரு?"

"கேட்டாங்க."

தென்காசிக்கு வரும்போது சாரல் கூடியிருந்தது. பந்தலுக்கு மேல் போட்டிருந்த தார்ப்பாய் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கரேஸ்வரி அம்மாள் படியில் நின்றார். வேல்ராஜ் செருப்பைக் கழற்றினார்.

"ஏட்டி, நான்..."

"நில்லுங்க."

நின்றார்.

"நான் டியூப மாத்தினது தப்பு. உங்ககிட்ட சொல்லிருக்கணும். சொன்னா சிரிப்பீயன்னு சொல்லல்ல. நீங்க என்னைச் சந்தேகப்பட்டது நம்ம ரெண்டு பேருக்குள்ள. அத மெதுவாப் பேசிக்கிடுவோம், அதுக்கு மிச்ச ஆயுசு பூரா கெடக்கு. ஆனா வேல்சாமி உங்களுக்கு என்ன செஞ்சான்? நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வராந்தாவுல துண்ட விரிச்சுப் படுத்துக் கெடந்தானே, அவன் என்ன செஞ்சான்?"

வேல்ராஜ் கழற்றிய செருப்பை ஓரமாக நகர்த்தினார்.

"அவனுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. நீங்க என்ன நெனச்சீயன்னு நீங்களே அவன்கிட்ட சொல்லணும். கேட்டுட்டு அவன் மனசாரச் சரின்னா வெள்ளிக்கிழமை நான் மணையில உக்காருதேன். இல்லன்னா பந்தலப் பிரிச்சிருங்க."

உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

வேல்சாமி பந்தலின் மறுகோடியில் ஏணி மேல் இருந்தார். சீரியல் லைட்டு வயரை மூங்கிலில் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"வந்துட்டியளா! ஒரு முடிச்சுத்தான் பாக்கி. ஈரத்துல ஏணி வழுக்குது, கொஞ்சம் பிடிங்க."

வேல்ராஜ் போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார். முகத்துக்கு நேராக இருந்த படியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வேல்சாமி, நான் உன்னத் தப்பா நெனச்சுட்டேன் லே. உன்னையும் உன் மதினியையும். மாரிச்செல்வம் என் பிள்ளை இல்லன்னு நெனச்சேன்."

மேலே கை நின்றது. துல்கர் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று அவனைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பயிருந்து?" என்றார் வேல்சாமி.

"பங்குனியிலயிருந்து."

"சித்திரையில என் பேத்தி காதுகுத்துக்கு வந்தீயளே. என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீயளே."

"சாப்பிட்டேன்."

"இத நெனச்சுக்கிட்டேவா?"

"ஆமா."

ஏணி லேசாக ஆடியது.

"விட்டுராதீய" என்றார் வேல்சாமி.

"விடல்ல."

வேல்சாமி வயரை மூங்கிலில் ஒரு சுற்று சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அப்புறம் வேல்சாமி அண்ணனைப் பார்க்காமல், வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மதினி! வெள்ளிக்கிழமைக்கு வாழை இலை போதுமா, இன்னும் ஒரு கட்டுச் சொல்லிவிடவா?"

வேல்ராஜின் விரல்கள் ஏணிக் காலில் வெளுத்திருந்தன.

"சொல்லிவிடு" என்றது அந்தம்மாள் குரல்.

பாக்கி இருந்தது ஒரு முடிச்சுத்தான். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வேல்சாமி கீழே இறங்கவில்லை. வேல்ராஜ் ஏணியை விடவில்லை.